பவுடர் டப்பாவில் ஒரு கைப்பக்குவம்

ஒரு வீட்டில் ஒரு திப்பிலி இருந்தது. சுக்கு, மிளகு, மல்லி எல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க, அது மட்டும் மேல் தட்டில், அப்பள டின்னுக்குப் பின்னால், ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் ஒளிந்திருந்தது. ஒளிந்திருந்தது என்று யாராவது சொன்னால் அதற்குக் கோபம் வரும்.

"ஒளிச்சு வைக்கல. பத்திரமா வச்சிருக்காங்க" என்று சொல்லும்.

அதில் பொய்யும் இல்லை. அந்த வீட்டுச் செல்லக்கனி மழைக்காலத்தில் இருமலுக்கு ஒரு காப்பி போடுவாள். சுக்கும் மிளகும் தட்டி, மல்லியை வறுத்துப் பொடித்து, கருப்பட்டி போட்டுக் கொதிக்கவிட்டு இறக்குவாள். ஒரு தம்ளர் உள்ளே போனால் நெஞ்சில் கட்டிய சளி அவிழ்ந்துவிடும். தெருவில் அதற்குச் செல்லக்கனி காப்பி என்றே பெயர்.

பக்குவம் கேட்டு வந்தவர்களை அவள் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. உட்காரவைத்து, மல்லியை எந்த நிறத்தில் வறுக்க வேண்டும் என்பதுவரை சொல்லுவாள். திப்பிலியை மட்டும் சொல்லமாட்டாள். அவளுடைய அம்மாவும் யாருக்கும் சொன்னதில்லை.

எதிர்வீட்டு ரோஸ்மேரி ஒருநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள். "யக்கா, நீங்க சொன்னதெல்லாம் போட்டேன். உங்க ருசி வரலையே?"

"எல்லாம் சொல்லிட்டேனே ரோஸ்மேரி. அதுக்கு மேல கைப்பக்குவம். அதை எப்படி வாயால சொல்ல?"

டப்பாவுக்குள் திப்பிலி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவள் போனதும் கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டது.

"கேட்டீங்களா? கைப்பக்குவம், கைப்பக்குவம்னு தெருவே சொல்லுதே, அது யாரு? நான்தான்!"

"எங்க பேரு நாலு வீட்ல அடிபடுது" என்றது சுக்கு. "உன் பேரை யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா?"

"சொல்லக்கூடாத பேருன்னா சும்மாவா? உன்னைத்தான் சந்தையில மூட்டையா கொட்டி வச்சிருக்கான்."

"உன்னை மட்டும் அரண்மனையில வச்சா வித்தான்? எனக்குப் பக்கத்து மூட்டைதானே நீ!"

"விடுப்பா" என்றது மிளகு. "டப்பாவுக்குள்ள காத்து இல்ல. அதான் இப்படிப் பேசுது."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கருப்பட்டியைச் சுற்றிவந்த எறும்பு ஒன்று உண்டு. அதற்கு எல்லா வீட்டுச் சமையலறையிலும் வேலை. கொஞ்ச நாளில் அது ஒரு செய்தி கொண்டுவந்தது.

"ரோஸ்மேரியம்மா பக்கத்து வீட்டுப் பாத்திமுத்துக்குச் செல்லக்கனி காப்பி சொல்லிக் குடுத்துட்டாங்க. மிளகை மட்டும் சொல்லல. இப்ப அந்த வீட்டு மிளகுக்குத் தனி டப்பா வந்தாச்சு. அது யார் கூடவும் பேசுறதில்ல."

அஞ்சறைப்பெட்டியில் இருந்த மிளகுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த மழைக்குள் இன்னொரு செய்தி வந்தது. பாத்திமுத்து, தெருக்கோடிக்குப் புதிதாகக் குடிவந்த கோமதிக்குச் சொன்னாளாம். சுக்கைச் சொல்லவில்லையாம். "ருசி வரலையே சித்தி" என்று கோமதி கேட்டதற்கு, "அது கைப்பக்குவம்மா" என்றாளாம்.

"என் பட்டத்தை ஆளாளுக்கு எடுத்துக்கிட்டா எப்படி?" என்று திப்பிலி கத்தியது.

"தெருவுக்கே தாராளமாச் சொல்லிக் குடுத்தது உங்க வீடுதானே" என்றது எறும்பு.

ஐப்பசி மழையில் செல்லக்கனியே படுத்துவிட்டாள். முதலில் தும்மல், பிறகு காய்ச்சல். காய்ச்சல் போனது, இருமல் போகவில்லை. இருமி இருமி விலா எலும்பெல்லாம் நொந்து, எழுந்தால் தலை சுற்றியது. இந்த இருமல் எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது. ஊருக்கே காப்பி போட்டவளுக்குப் போட்டுக்கொடுக்க ஆள் இல்லை.

ஆள் இல்லாமல் என்ன? மருமகள் சுகிர்தா இருந்தாள். நல்ல பெண். ஆனால் அவளிடமும் செல்லக்கனி திப்பிலியைச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அவள் அம்மாவுக்குப் போகும், அம்மா வழியாக ஊருக்கே போகும். கண்ணை மூடுவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். கண்ணை மூடப்போகும் நேரம் சொல்லிவிட்டு வரும் என்று நினைத்திருந்தாள்.

"அத்தை, காப்பி நானே போடுதேன்" என்று சுகிர்தா தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். "சுக்கு, மிளகு, மல்லி எடுத்தாச்சு. வேற என்ன?"

"கருப்பட்டி" என்றாள் செல்லக்கனி, கட்டிலில் இருந்தபடியே.

"அதுவும் எடுத்தாச்சு. வேற?"

டப்பாவுக்குள் திப்பிலி நிமிர்ந்து உட்கார்ந்தது. கீழே சுக்கும் மிளகும் மேல் தட்டை எட்டிப் பார்த்தன.

செல்லக்கனிக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினாள். இருமி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ முடிவு பண்ணின மாதிரி இருந்தது.

"சுகிர்தா, கிட்ட வா. மேல் தட்டுல, அப்பள டின்னுக்குப் பின்னால..."

"பெரியம்மா!" என்று வாசலில் குரல் கேட்டது. கோமதி ஒரு தூக்குச்சட்டியோடு உள்ளே வந்தாள். "படுத்துட்டீங்கன்னு இப்பத்தான் கேள்விப்பட்டேன். உங்க காப்பிதான், போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

செல்லக்கனி வாயை மூடிக்கொண்டாள்.

"அப்பள டின்னுக்குப் பின்னால என்ன அத்தை?" என்று சுகிர்தா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. தூசியா இருக்கும். துடைச்சு வை."

சொன்னபடி கேட்கிற மருமகள். அப்போதே ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அப்பள டின்னை நகர்த்தினாள். பவுடர் டப்பாவை எடுத்து, காலி டப்பா எதற்கு என்று குலுக்கிப் பார்த்தாள். உள்ளே சத்தம் கேட்கவே மூடியைத் திறந்து தரையில் கொட்டினாள். கருப்பாக, நீட்ட நீட்டமாக, பொடிப்பொடியாக என்னவோ விழுந்தது.

"அய்யே! எலிப் புழுக்கை!"

"நான் திப்பிலி!" என்று கத்தியது திப்பிலி. "கைப்பக்குவம்! இந்த வீட்டுக் கைப்பக்குவம்!"

கோமதி குனிந்து பார்த்தாள். "மூடின டப்பாவுக்குள்ள எப்படிப் போச்சு? மிளகு வாசம் வேற அடிக்கே."

"மிளகைத் தின்ன எலியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு சுகிர்தா துடைப்பத்தை எடுத்து, எல்லாவற்றையும் முறத்தில் கூட்டி அள்ளினாள்.

கீழே இருந்து சுக்கு கத்தியது. மிளகு கத்தியது. "சொல்லிடும்மா! இப்பவாவது சொல்லிடு!"

செல்லக்கனி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். முறத்தில் கிடந்ததைப் பார்த்தாள். சுகிர்தாவைப் பார்த்தாள். கோமதியைப் பார்த்தாள். கோமதி காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் நின்றாள். செல்லக்கனியின் உதடு அசைந்தது.

"எலித்தொல்லை ஜாஸ்தியாப் போச்சு" என்றாள் செல்லக்கனி. "வெளியில கொண்டுபோய்க் கொட்டு."

கோமதி தூக்குச்சட்டியைத் திறந்து தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். கருப்பட்டித் தண்ணீரில் மல்லி மிதந்தது. செல்லக்கனி ஒரு வாய் குடித்தாள்.

"உங்க பக்குவம்தான் பெரியம்மா. நாலு கை மாறி வந்தும் அப்படியே இருக்கு பாத்தீங்களா?"

"அப்படியேதான் இருக்கு" என்றாள் செல்லக்கனி. வேறு என்ன சொல்வாள்? "இன்னும் ருசி வரணும்னா, அது போகப்போக வரும். கைப்பக்குவம்."

அடுப்பில் கொதித்த தண்ணீரைச் சுகிர்தா இறக்கி வைத்தாள். அதுதான் காப்பி வந்துவிட்டதே. பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போனாள்.

கைப்பக்குவம் என்று செல்லக்கனி சொன்னதை முறத்தில் இருந்த திப்பிலி கேட்டது. பழக்க தோஷத்தில் ஒரு கணம் பூரித்தும் போனது. வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்து யாராவது தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா என்று திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம்தான் வந்தது.