பத்து மணிக் கையெழுத்து

எந்த வழியாகக் கூட்டிப் போவது என்று கேட்கத்தான் கோமதிநாயகம் வந்திருந்தார். கையில் ஒரு வரைபடம். பேருந்து நிலையத்திலிருந்து காவல் நிலையம் வரைக்கும் மூன்று வழிகளை அதில் கோடு போட்டிருந்தார்.

ஜெபக்கனி அதை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

சிறையிலிருந்து வெளியே வரும் இளைஞர்களுக்குத் துணையாகப் போகிறவர்கள் அந்த ஊரில் ஆறு பேர். ஆறு பேருக்கும் அவள்தான் மேற்பார்வை. அவளுக்கு வயது நாற்பத்து நான்கு. கோமதிநாயகத்துக்கு அறுபத்தொன்று. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். இந்த வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் பொறுப்பில் இருந்தவன் இசக்கிராஜ். வயது இருபது. இரண்டு பேரோடு சேர்ந்து ஒருவனை வெட்டிக் கொன்றதாக வழக்கு. பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். முப்பது நாள், தினமும் காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. பதினெட்டு நாள் போட்டான். பத்தொன்பதாம் நாள், கோமதிநாயகத்தோடு போகிற வழியில், செத்தவனின் அண்ணன்மார் இரண்டு பேர் பைக்கில் வந்து வெட்டினார்கள். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. சாக்கடைக்குள் விழுந்ததால் கழுத்து தப்பியது.

ஒருவன் பிடிபட்டான். மற்றவன் பிடிபடவில்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து விடுறாங்கம்மா. நாளன்னைக்கு மறுபடியும் கையெழுத்து. இன்னும் பன்னிரண்டு பாக்கி.”

“வேற ஸ்டேஷனுக்கு மாத்தச் சொல்லிக் கொடுத்த மனு?”

“தள்ளுபடி.”

“போலீஸ் காவல்?”

“ஆள் இருந்தா அனுப்புறோம்னு சொன்னாங்க.”

“இல்லேன்னா?”

அவர் மேசைமேல் இருந்த வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்? பதினெட்டு நாளும் ஒரு நிமிஷம் பிந்தலை. ஒருத்தன்கிட்டயும் நின்னு பேச விடலை. பழைய சகவாசம் எதுவும் கிட்ட வரலை. தினமும் எழுதின நோட்டைப் பாருங்க.”

“பார்த்தேன். பதினெட்டு நாளும் ‘நன்று’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தானே.”

“அப்ப எந்த வழின்னு நீங்களே சொல்லுங்க.”

“செருப்பை மாட்டுங்க சார். போய்ட்டு வருவோம்.”

பேருந்து நிலையத்திலிருந்து கடைவீதி வழியாக எண்ணூற்றுப் பன்னிரண்டு காலடி. கோமதிநாயகம் பழக்கதோஷத்தில் நேராகப் பார்த்தபடி வேகமாக நடந்தார். முப்பது அடி போன பிறகுதான் ஜெபக்கனி கூட வரவில்லை என்று தெரிந்தது. அவள் முதல் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்தார்.

“ரெண்டு டீ போடுங்க அண்ணாச்சி. இந்த வழியா ஒரு பையன் தினமும் போவானே, தெரியுமா?”

“வெட்டுப்பட்ட பையன்தானே? ஒம்பது அம்பத்திரண்டுக்கு இங்ஙன தாண்டுவான். அவனைப் பாத்துத்தான் நான் ரெண்டாவது பாலை அடுப்புல ஏத்துவேன்.”

“வெட்டினவங்களைப் பார்த்தீங்களா?”

“நாலு நாளா பாத்தேன். அந்த கரண்டு கம்பத்துக்கிட்ட வண்டிய நிறுத்திட்டு நிப்பானுவ. இவன் போனதும் மணியைப் பாப்பானுவ. பொறவு போயிருவானுவ.”

கோமதிநாயகம் கிளாஸைப் பெஞ்சில் வைத்தார்.

“நாலு நாளா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா!”

“யாருட்ட சொல்ல? சாரு மூஞ்சியைத் திருப்பினாத்தானே? லெப்ட் ரைட்டுன்னு போயிட்டே இருக்கீங்க. உங்களை மப்டி போலீசுன்னுல்லா நெனச்சோம். போலீசுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டோம்.”

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

“போலீசுன்னா தொப்பை இருக்குமே, இவருக்கு இல்லையேன்னு நான் அப்பமே கேட்டேன். இவருதான் நம்பல.”

“உனக்கும் பையனைத் தெரியுமாம்மா?” என்று ஜெபக்கனி கேட்டாள்.

“தெரியாம என்ன? மூணாம் நாளு என்னப் பாத்துச் சிரிச்சான். சாரு, ‘ஏல, நேரா பாரு’ன்னாரு. அதுக்குப் பொறவு சிரிக்கல.” அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “அந்த ரெண்டு பேரையும் நானும் பாத்தேன் யக்கா. வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பையன் பேரு தெரியல, கூப்பிடுறதுக்கு.”

“இசக்கிராஜ்,” என்றார் கோமதிநாயகம்.

“இப்பச் சொல்லுதாரு பாருங்க.”

அடுத்து சைக்கிள் கடை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நானும் பாத்தேன். சொல்லத் தோணல. செத்தவன் சின்னப்பிள்ளையிலிருந்து என் கடைக்கு வந்தவன். இவன் யாரு எனக்கு?”

அவர் குமிழி வந்த இடத்தில் விரலை வைத்தார்.

இன்னும் நான்கு கடைகளில் கேட்டார்கள். மொத்தம் ஏழு. ஏழு பேருக்கும் கோமதிநாயகத்தின் முகம் தெரிந்திருந்தது. ஐந்து பேருக்குப் பையன் கடந்துபோகும் நேரம் தெரிந்திருந்தது. நான்கு பேர் பைக்கைப் பார்த்திருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் பெயரும் கோமதிநாயகத்துக்குத் தெரியாது.

வெட்டு விழுந்த இடத்தில் யாரோ மணல் போட்டிருந்தார்கள். அங்கிருந்து காவல் நிலையத்தின் வாசல் தெரிந்தது. நூற்றுப் பத்துக் காலடிதான். கோமதிநாயகம் மணலை மிதிக்காமல் ஒதுங்கி நின்றார்.

“மத்த ரெண்டு வழியிலயும் கடையே கிடையாதும்மா. ஒண்ணு மில்லுக்குப் பின்னால, ஒண்ணு வாய்க்கால் கரை. யார் கண்ணுலயும் படாமக் கூட்டிட்டுப் போயிரலாம்.”

“போயிரலாம்.”

“ஆனா பிடிபடாதவன் அங்கயும் வந்துட்டா?”

“வந்தா யார் கண்ணுலயும் படமாட்டான்.”

ஒரு பேருந்து ஹாரன் அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போனது. அது போனதும் அவர் கேட்டார்.

“இந்த வழியாவே கூட்டிட்டுப் போகச் சொல்லுறீங்களா?”

“ஆமா.”

“சைக்கிள் கடைக்காரர் மாதிரி ஆளும் இருக்காரேம்மா.”

“இருக்காரு.”

“பையனுக்கு மறுபடியும் ஏதாவது ஆகிட்டா?”

“ஆகலாம் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“இத்தனை அடி நடக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்று ஜெபக்கனி கேட்டாள்.

“ஏழு நிமிஷம்.”

“நாளன்னைக்கு ஒம்பது மணிக்கே பஸ்ஸை விட்டு இறங்கிருங்க. வழியில ஏழு கடை இருக்கு.”