புங்க மரத்தடியில் விழுந்த வட்டம்

வானத்தில் இருப்பவர்களும் மண்ணில் இருப்பவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மர நிழல் இன்று போலப் புள்ளி புள்ளியாக இருக்கவில்லை. ஒரே கறுப்பாக இருந்தது. அதற்குக் காரணம் முசுறுகள்.

முசுறு என்பது மரத்தில் வாழும் சிவப்பு எறும்பு. இலைகளை இழுத்துப் பிடித்து, தன் குஞ்சுகள் சுரக்கும் பட்டு இழையால் ஒட்டிக் கூடு கட்டும். அந்தக் காலத்து முசுறுகள் கூட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இரண்டு இலைகளுக்கு நடுவே இடுக்கு தெரிந்தால் அதையும் தைத்து மூடின. ஏரிக்கரையில் நின்ற புங்க மரத்துக்கு அதில் பெரிய பெருமை. "என் அடியில் உட்கார்ந்தால் நடுப்பகலிலும் விளக்கு வேண்டும்" என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லும்.

அப்போது வானத்தில் ஒரு வழக்கு நடந்தது. விடியலுக்கு முன்னால் வந்து கிழக்கு வாசலைத் திறப்பது வெள்ளியின் வேலை. அவ்வப்போது அவள் சூரியனை நெருங்கிப் போய், சில நாள் கண்ணிலேயே படமாட்டாள்.

"வேலை சலித்துவிட்டது. பெரியவர் முதுகுக்குப் பின்னால் படுத்துத் தூங்குகிறாள். வாசலை என்னிடம் கொடுங்கள்" என்றான் வியாழன்.

"பின்னால் போவதும் உண்டு, அண்ணே. முன்னால் வருவதும் உண்டு. அவர் முகத்துக்கு நேரே நடந்தே போயிருக்கிறேன்" என்றாள் வெள்ளி.

"நீயா? அவர் முகத்துக்கு நேரேயா? யார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. சூரியனும் கையை விரித்தார். "யாருக்கு முன்னால் யார் போகிறார்கள் என்பது பூமியில் நின்று பார்த்தால்தான் தெரியும். சாட்சி அங்கிருந்து வரட்டும். வராவிட்டால் வாசல் வியாழனுக்கு."

"நாளைக்கே நடக்கிறேன். கிழக்கு ஓரத்தில் ஏறி மேற்கு ஓரத்தில் இறங்குவேன். நாளை தவறினால் பல தலைமுறை கழித்துத்தான் இப்படி நேராக அமையும்" என்றாள் வெள்ளி.

மறுநாள் சாட்சி சொல்லவென்று கருடன் அண்ணாந்து பார்த்தது. கண்ணில் நீர் கொட்டியது. "ஒளி தெரிந்தது. அப்புறம் ஒளியும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுக் கிளையில் சாய்ந்தது. பெரிய கண் இருக்கிறதே என்று ஆந்தையும் பார்த்தது. பார்த்த வேகத்தில் பொந்துக்குள் போனது. பகலில் இன்னும் வெளியே வரவில்லை.

அதே நேரம் புங்க மரத்தில் செம்பி என்ற முசுறு ஒரே ஒரு இடுக்கைத் தைக்காமல் விட்டிருந்தாள். குஞ்சைத் தூக்கிவரப் போனவள், போன வழியில் ஒரு செத்த வண்டைப் பார்த்துவிட்டு வேலையை மறந்துபோனாள். அந்த இடுக்கு வழியாக, மரத்தடியில் கிடந்த காய்ந்த சருகின் மேல் ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது.

"அடியே செம்பி, கீழே பார். பூமிக்கே பொத்தல் போட்டுவிட்டாய்" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள்.

செம்பி இறங்கி ஓடினாள். வட்டத்துக்குள் சின்னதாக ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. எதைக் கண்டாலும் கவ்வித் தூக்குவது முசுறின் குணம். அவளும் கவ்வினாள். வாயில் சருகுதான் வந்தது. புள்ளி அவள் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எரிச்சலோடு சருகை இழுத்து அப்பால் போட்டாள். வட்டம் வெறும் மண்ணில் விழுந்தது. புள்ளியும் அதோடு விழுந்தது.

செம்பி மரத்தைக் கூப்பிட்டாள். "புங்கண்ணா, இது சருகில் இல்லை. மண்ணிலும் இல்லை. மேலே, சூரியன் முகத்திலிருந்து வருகிறது."

மேலிருந்து முசுறுகள் கத்தின. "இடுக்கை மூட வா."

"மூடமாட்டேன். அண்ணா, கொஞ்ச நேரம் இலையை ஆட்டாமல் பிடித்துக்கொள்."

புங்க மரத்துக்கு மனம் வரவில்லை. ஊரெல்லாம் சொல்லிவைத்த நிழலில் ஓட்டை. ஆனாலும் ஏரிக்காற்றை மல்லுக்கட்டித் தடுத்து இலைகளைப் பிடித்துக்கொண்டது. புள்ளி மெல்ல மெல்ல நகர்ந்து, வட்டத்தின் விளிம்பைத் தொட்டு, மறைந்தது. செம்பி கண்ணெடுக்கவே இல்லை.

"நான் பார்த்தேன்" என்று வானத்தைப் பார்த்துக் கூவினாள்.

"எறும்பா? எதிரே போன இன்னொரு எறும்பைப் பார்த்திருக்கும்" என்று சிரித்தான் வியாழன்.

சூரியன் கேட்டார்: "எந்தப் பக்கம் நகர்ந்தது, அம்மா?"

வெள்ளி சொன்னதை உயரத்தில் இருந்த புங்க மரம் கேட்டிருந்தது. "கிழக்கிலிருந்து மேற்கு என்று சொல்லிவிடு" என்று கிசுகிசுத்தது.

"மேற்கு ஓரத்தில் இருந்தது. கிழக்கு ஓரத்தில் மறைந்தது" என்றாள் செம்பி.

வெள்ளி தலை குனிந்தாள்.

"மாற்றிச் சொல்லடி, அவள் வாசல் போகிறது" என்றது மரம்.

"போனால் எனக்கும் வருத்தம்தான். அதற்காக நான் பார்த்ததை எப்படித் திருப்புவேன்? மேற்கிலிருந்து கிழக்கு. அவ்வளவுதான்."

வியாழன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்போது மேற்கிலிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மறைக்கத் தொடங்கியது. அவன் கீழே பார்த்தான். மரத்தடி வட்டத்தில் இருள் கிழக்கு ஓரத்திலிருந்து நுழைந்துகொண்டிருந்தது. மறுபடி மேகத்தைப் பார்த்தான். மறுபடி வட்டத்தைப் பார்த்தான்.

"ஐயா, அந்த இடுக்கு எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது. இங்கே மேற்கிலிருந்து வருவது அங்கே கிழக்கிலிருந்து வருகிறது" என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் தணிந்தது. "அப்படியானால் எறும்பு கண்டது கிழக்கிலிருந்து மேற்கே போன நடை. வெள்ளியின் நடையேதான். வாசல் அவளுக்கே."

வெள்ளி நிமிர்ந்தாள். "பொய்யாகச் சொல்லியிருந்தாலும் நான் வென்றிருப்பேன், செம்பி. ஆனால் இப்படி நிமிர்ந்து நின்றிருக்கமாட்டேன்."

சூரியன் சொன்னார்: "வெள்ளி, விடியலின் கிழக்கு வாசலோடு அந்தியின் மேற்கு வாசலையும் எடுத்துக்கொள். முசுறே, உனக்கு என்ன வேண்டும்?"

"இனி இலை இடுக்குகளை யாரும் மூடச் சொல்லக்கூடாது" என்றாள் செம்பி.

மறுநாள் புங்க மரம் ஏரிக்கரையில் போனவர்களைக் கூப்பிட்டு, "என் நிழலைப் பார்த்தீர்களா? இத்தனை சூரியன் வேறு எந்த மரத்தடியில் இருக்கிறது?" என்றது.

அன்றிலிருந்துதான் முசுறுகள் தம் கூட்டை மட்டும் தைக்கின்றன. இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் மர நிழலில் வெளிச்சம் வட்டம் வட்டமாக விழுகிறது. சூரியன் முகத்துக்கு முன்னால் யார் கடந்தாலும், அறிந்தவர்கள் அண்ணாந்து பார்க்காமல் தலை குனிந்து மண்ணைப் பார்க்கிறார்கள்.