திருக்குளத்தில் முள் வெட்டியவர்

வேம்பனூர்ப் பேரூராட்சியில் குப்பை வண்டி தள்ளி, வீதி பெருக்கிப் பிழைத்தவர் தையல்நாயகியார். வேலை முடிந்ததும் நீராடி, நீர்த்துணை நாதர் கோயில் வாசலில் விளக்கேற்றிய பிறகே உணவு உண்பார். அந்தக் கோயிலின் திருக்குளம் மன்னர் காலத்தது. அதன் கற்படிகள் கண்ணுக்கே தெரியாதபடி கருவேலமுள் மண்டிக் கிடந்தது.

தங்கள் ஊரின் பழஞ்சின்னங்களைக் காக்க முன்வரும் மக்களுக்கு நிதி தருவதாக அவ்வாண்டு அரசு அறிவித்தது. ஊரார் ஒன்றாகக் குழு அமைக்க வேண்டும். தாங்களும் இறங்கி உழைக்க வேண்டும். வேம்பனூரில் அது நடக்கிற காரியமாக இல்லை. சாமி புறப்பாடு எந்தத் தெருவுக்கு முதலில் வருவது என்ற சண்டையில், வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் பேச்சுவார்த்தையை விட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

அம்மையார் வீடு வீடாகப் போய் அழைத்தார். வடக்குத் தெருப் பெரியவர் வைரக்கண்ணு சிரித்தார். "குப்பை அள்ளுறவளுக்குக் கோயில் கமிட்டி கேக்குதா?"

"குப்பை அள்ளத்தாங்க கூப்புடுறேன். சாமி குளத்துல அதுதான் கெடக்கு," என்றார் அம்மையார்.

தெற்குத் தெருப் பெரியவர் காத்தமுத்து கதவையே திறக்கவில்லை.

அம்மையார் அரிவாளோடு தனியே குளத்தில் இறங்கினார். முள்ளை வெட்டி, வெறுங்கையால் கரைக்கு இழுத்துப் போட்டார். பார்வையிட வந்த அதிகாரி இரங்கினார்.

"ஒருத்தர் மட்டும் ஒழைச்சா நிதி குடுக்க விதியில்லம்மா. நாளையோட கெடு முடியுது."

"நாளைக்கு வாங்கய்யா. சாமி ஆளுங்களக் கூட்டியாந்துரும்."

மறுநாள் விடியலில் இரு தெருவினரும் அரிவாளும் கடப்பாரையுமாகக் கரைக்கு வந்தனர். முன்னால் வந்த பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டு திகைத்து நின்றனர். வைரக்கண்ணு அம்மையாரிடம் சொன்னார்:

"கனவுல நாதர் வந்தாரு தாயி. கையெல்லாம் முள்ளுக் கீறல். 'அவ தனியா வெட்டுறா, நானும் எறங்கிட்டேன், நீ எப்ப வருவே'ன்னு கேட்டாரு."

"எங்கிட்டயும் அதையேதான் கேட்டாரு," என்று காத்தமுத்து கண்களைத் துடைத்துக்கொண்டார்.

அம்மையார் தம் கைகளை விரித்துப் பார்த்தார். அவற்றில் ஒரு கீறலும் இல்லை.

"அதான் நேத்து ஒரு முள்ளுகூட என்னைத் தைக்கலையா," என்றவர், அப்போதுதான் அழுதார்.

அதிகாரி வந்தபோது ஊரே குளத்துக்குள் இருந்தது. நிதியும் வந்து சேர்ந்தது. படிகள் வெளிப்பட்டன, அடுத்த மழையில் குளம் நிறைந்தது.

தமக்கான முள்ளை இறைவனே ஏற்கும்படி அன்பு செய்த தையல்நாயகியாரின் திருத்தொண்டை வணங்கி மகிழ்வோம்.