மைனா போட்ட அட்டெண்டன்ஸ்

ஒரு காட்டுல ஒரு ஹைஸ்கூல் இருந்துச்சு. ஏன் சிரிக்கிறீங்க? இருந்துச்சுன்னா இருந்துச்சு. ஒம்பதாம் வகுப்பு நாவல் மரத்தடியில. வாத்தியார் யானை.

அந்த வருசம் ஒரு மலை மைனா புதுசா வந்து சேர்ந்துச்சு. மலை மேல இருந்த ஸ்கூல்ல எட்டாவது வரைக்கும்தான். இங்க அதுக்கு ஒருத்தரையும் தெரியாது. மொத நாள் எங்க உக்கார்றதுன்னு தெரியாம கிளை கிளையாத் தாவுச்சு.

"ஏய், இது எங்க எடம்!"னு கிளிங்க விரட்டுச்சு.

"ஆள் வருது, ஆள் வருது"ன்னு அணில் வாலை விரிச்சு எடம் புடிச்சு வச்சிருந்துச்சு.

கீழ ஒரு புள்ளிமான் குட்டி மட்டும், ஒண்ணும் பேசாம, கொஞ்சம் நகந்து எடம் விட்டுச்சு. மைனா உக்காந்துச்சு. ஆனா மனசுக்குள்ள, "இந்த வாயில்லாப் பூச்சிகூட உக்காந்தா நம்மள எவன் திரும்பிப் பாப்பான்?"னு ஒரே கவலை.

யானை வாத்தியார் பேர் கூப்பிட நோட்டைத் தொறந்தார். "புதுசா வந்தவன் கேட்டுக்கோ. இது மார்க்குக்கு இல்ல. காட்டுல சிறுத்தை இருக்கு, பள்ளம் இருக்கு. ஒரு பேருக்குப் பதில் வரலைன்னா அன்னிக்குப் பாடம் கெடையாது. எல்லாரும் தேடப் போறோம்."

இதனாலயே குரங்கும் காட்டுப்பன்னியும் கட் அடிக்க முடியாம வயிறெரிஞ்சுகிட்டு கெடந்துச்சுங்க.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல மைனா சும்மா இருக்காம, பன்னி மாதிரி "உர்ர்ர்"ன்னுச்சு.

"எவன்டா அது, என் குரல்ல பேசுறது?"ன்னு பன்னி துள்ளி எந்திரிச்சுச்சு.

குரங்குக்குக் கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆயிடுச்சு. "மாப்ள! நாளைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நீ சொல்லிடு. பலாப்பழம் பழுத்துக் கெடக்கு."

"வாத்தியார் கண்டுபுடிச்சா?"

"அவருக்குக் காதுதான் பெருசு. கண்ணு பொடிசு. நோட்டை விட்டுத் தலையே தூக்க மாட்டார்."

மறுநாள் காலையில,

"காட்டுப்பன்னி!"

"உர்ர்ர்... உள்ளேன்யா!"

"குரங்கு!"

"க்கீ! உள்ளேன் ஐயா, க்கீ!"

வகுப்பே வயித்தப் புடிச்சுகிட்டு சிரிச்சுச்சு. அன்னிலேர்ந்து மைனாவுக்கு ராஜ மரியாதை. கிளிங்க எடம் குடுத்துச்சு. அணில் வாலைச் சுருட்டிக்கிச்சு. எங்க திரும்புனாலும் "மாப்ள, மாப்ள". மான்குட்டி இருந்த பக்கம் மைனா அப்புறம் எட்டிக்கூடப் பாக்கல.

ஒரு வியாழக்கிழமை. முந்தின நாள் நல்ல மழை.

"புள்ளிமான்!"

பதில் இல்ல.

"புள்ளிமான்!"

பன்னி கிசுகிசுத்துச்சு: "போச்சுடா, இப்போ சேத்துல தேட விட்டுருவார். நீ ஒண்ணு போடு மாப்ள."

"அது என்னைச் சொல்லச் சொல்லலையேடா..."

"லேட்டா வருவாடா. போடுறா!"

எல்லாரும் மைனாவையே பாத்தாங்க. மைனாவால தாங்க முடியல. குரலை நூல் மாதிரி மெலிசாக்கி, "உள்ளேன் ஐயா"ன்னுச்சு. வாத்தியார் டிக் போட்டார்.

மான்குட்டி லேட்டாவும் வரல.

சாயங்காலம் தாய்மான் மூச்சு வாங்க ஓடி வந்துச்சு. "ஐயா, எம்புள்ள வீட்டுக்கு வரலையே!"

வாத்தியார் நோட்டைப் பாத்தார். "காலையில பதில் சொன்னாளேம்மா. அப்போ ஸ்கூல் விட்டுத்தான் போயிருக்கா. தண்ணி குடிக்க ஆத்துப்பக்கம் போயிருப்பா. எல்லாரும் வாங்க!"

ஆறு கெழக்க. மான் வீடு மேக்க. வெயில் எறங்கிடுச்சு, இன்னும் கொஞ்ச நேரத்துல சிறுத்தை கெளம்பிடும்.

மைனா குரங்கப் பாத்துச்சு. "மாப்ள..."

"யாருடா மாப்ள? வாயத் தொறந்த, றெக்கையைப் பிச்சுருவேன்."

பன்னி தரையக் கிண்டிகிட்டு, தலையத் தூக்கவே இல்ல.

மைனா தத்தித் தத்தி வாத்தியார் முன்னால போய் நின்னுச்சு. "ஐயா... காலையில பதில் சொன்னது அவ இல்ல. நான்."

வாத்தியார் திட்டல. ஒரு பார்வை பாத்தார். சட்டுன்னு மேக்க திரும்பி நடந்தார். நாலு அடி அடிச்சிருந்தாக்கூட மைனாவுக்குத் தேவலையா இருந்திருக்கும்.

ரொம்ப தூரமே இல்ல. உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால, மழையில மண்ணு சரிஞ்ச ஒரு பள்ளம். உள்ள கழுத்து வரைக்கும் சேத்துல மான்குட்டி. வாத்தியார் தும்பிக்கைய விட்டுத் தூக்குனார்.

மான்குட்டி நடுங்கிகிட்டே சொல்லுச்சு: "அம்மா, வாத்தியார் ரெண்டு தடவை கூப்பிட்டது கேட்டுச்சு. நானும் கத்துனேன். ஆனா அங்கேர்ந்து என் குரலே பதில் சொல்லுச்சும்மா. இனிமே யாரும் தேட மாட்டாங்கன்னு கத்துறதை விட்டுட்டேன்."

ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் மைனாவப் பாத்தாங்க. மைனா மூஞ்சிய றெக்கைக்குள்ள பொதைச்சுகிச்சு.

மான்குட்டிக்கு ஒண்ணும் தெரியாது. மைனாவப் பாத்ததும் அதுக்கு மூஞ்சி மலர்ந்துச்சு. "நீயும் என்னைத் தேடியா வந்த?"ன்னு கேட்டுச்சு.

காட்டுல இருக்குற அத்தனை குரலும் தெரிஞ்ச மைனாவுக்கு, அதுக்குப் பதில் சொல்ல ஒரு குரலும் வரல.

நீதி: நாலு பேர் சேத்துக்கணும்னு பொய்யாப் பதில் சொன்னா, நெசமாவே கூப்பிடுறவன் குரல் யார் காதுலயும் விழாது.