மூடிய கூஜா

மழையும் ராஜாவும் மனம்போன போக்கில் நடந்த காலம் அது. வேங்கைநாட்டை மல்லவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அங்கே முரசறைந்து சொன்னதுதான் சட்டம், அதை மீறுவதுதான் குற்றம். சபையில் யாரோ தும்மி, ராஜாவின் கிளி மிரண்டுவிட்டதாம். தும்மினால் குற்றம் என்று போன வாரம் முரசறைந்தாயிற்று!

அந்தச் சபைக்குத்தான் சித்திரை வெயிலில் வடிவாச்சியைக் கைகளைக் கட்டி இழுத்துவந்தார்கள். கீழ்மதகூர்க்காரி. வாய்க்கால் மதகை உடைத்தவள். தண்டனை நாடுகடத்தல். நாட்டைவிட்டுப் போவதற்குக்கூட அவள் அஞ்சவில்லை; கவலையெல்லாம் ஊரைப் பற்றித்தான். மதகை மறுபடி அடைத்துவிட்டால் ஊர்ப் பிள்ளைகள் எதைக் குடிக்கும்?

“மதகை உடைப்பது குற்றமென்று முரசறைந்திருக்கிறது. உடைத்தாய். அப்புறம் என்னடி பேச்சு?” என்று கத்தினார் பிரதானி கங்காதரர். தன் கரும்புக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்று அந்த மதகை அடைக்கச் சொன்னவரே அவர்தான்.

“எட்டு நாளாக எங்கள் தண்ணீரை அடைத்தாரே, அது குற்றமில்லையா மகாராஜா?”

“அதற்கு முரசறையவில்லையே!” என்றான் ராஜா.

“தும்மினால் குற்றம், ஊரையே தவிக்கவிட்டால் குற்றமில்லை. நன்றாயிருக்கிறது நியாயம்!”

“வாயை மூடு!” என்று பிரதானி போட்ட கூச்சலில் அவருக்கே விக்கல் எடுத்தது. பக்கத்திலிருந்த வெள்ளித் தண்ணீர்க் கூஜாவுக்குக் கை நீட்டினார். அதற்குள் வடிவாச்சி கட்டிய கைகளாலேயே அதைப் பறித்து, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

“கொடடி... விக்... கூஜாவை!”

“நான் குடிக்கவில்லை, கொட்டவுமில்லை. சும்மா அடைத்துவைத்திருக்கிறேன் ஐயா. கூஜாவை அடைக்காதே என்று எந்தத் தெருவில் முரசறைந்தீர்கள்?”

“இதற்கு முரசு வேறா? தவித்த வாய்க்குத் தண்ணீரை மறிப்பது... விக்... பெரிய குற்றம்! யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்!”

சிரித்துக்கொண்டிருந்த ராஜா சட்டென்று நிமிர்ந்தான்.

“கேட்டீர்களா மகாராஜா? பிரதானிக்கே முரசு தேவைப்படவில்லை. இவருக்கு நாலு விக்கல், எங்களுக்கு எட்டு நாள்!” என்று கூஜாவை அவர் முன்னால் வைத்தாள்.

ராஜா அவள் கைக்கட்டை அவிழ்க்கச் சொல்லி, தன் முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

“மாலையும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இனி முரசறையும் முன்னால், அது யார் தலையில் விழுமோ அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.”

“சரி! முதலில் தும்மல் சட்டம் ஒழிந்தது” என்றான் ராஜா. ஒரு வாரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்த சபை ஒன்றாகத் தும்மியது. கிளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கீழ்மதகூரில், தண்ணீரை மறிப்பது குற்றமென்று, ராஜாவின் கட்டளைப்படி பிரதானியே முரசைச் சுமந்து அறைந்தார். பாதித் தெருவில் விக்கல் வந்துவிட்டது. வடிவாச்சி சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“குடியுங்கள் ஐயா. குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். கடைசி வீட்டுக்குக் கேட்கவில்லை.”