சென்னியப்பன் ‘ம்’ வாங்கிய கதை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. பொய்யாக இருந்தால் என் பல்லெல்லாம் கொட்டிப்போகட்டும். ஏற்கெனவே கொட்டிப்போயிற்றே என்று பார்க்கிறீர்கள். அது வேறொரு கதைக்காகக் கொட்டியது.

கேளுங்கள்.

“அம்மா, என் கதையைக் கேக்க ஊருல ஒரு காதுகூட மிச்சமில்லைங்க” என்றார் சென்னியப்பன்.

நாச்சாயி அம்மா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

மலையடிவாரத்தில் சின்ன மடம் அது. ஓட்டுக் கூரை, ஒரு சமையல்கட்டு, வாசலில் ஒரு புளியமரம். நாச்சாயி அம்மாவுக்கு சென்னியப்பனின் மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு. நாலு ஊர் தாண்டியும் ஆட்கள் வந்து காலடியில் உட்கார்ந்தார்கள். வந்தவர்கள்தான் பேசுவார்கள். அம்மாவுக்குக் கடலை உரிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

“எந்தக் கதை?”

“வெள்ளக் கதைங்க. எனக்கு வேற என்ன கதை இருக்குது?”

காவிரி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த வருஷம் அது. பட்டப்பகலில் வந்தது. தென்னை மட்டையில் கெண்டை மீன் குஞ்சு பொரித்தது. கோயில் மணிக்குள் ஒரு தவளை குடியேறி, பூசாரி வரும்வரை மூன்று வேளையும் அதுவே மணியடித்தது. அந்த வெள்ளத்தில்தான் சென்னியப்பனின் வெற்றிலைக் கொடிக்கால் போயிற்று. வீடு போயிற்று. மாடும் போயிற்று.

அப்புறம் தண்ணீர் வடிந்தது. அரசாங்கத்தில் வீடு கட்டிக் கொடுத்தார்கள். கொடிக்கால் மறுபடி வைத்தார், அதுவும் தளதளவென்று ஏறிற்று. எல்லாம் வெள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது, சென்னியப்பனைத் தவிர.

பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சவரக்கடையில் சொன்னார், கடைக்காரர் பாதிக் கன்னத்தை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரிடம் சொன்னார். சென்னியப்பன் தலை தெரிந்தால் பஸ் கண்டக்டர் முன்கூட்டியே விசில் கொடுத்தார். அப்பாவின் திதியன்று சோற்றை வைத்துக் கூப்பிட்டால் காக்காய்கூட வரவில்லை. எங்கே சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவாரோ என்று பயம்.

“போன மாசம் பாவாயியும் போயிட்டாளுங்க” என்றார் சென்னியப்பன். “என் சம்சாரம். அவ தம்பி வீட்டுக்குப் போயிட்டா. ‘உங்க வாயில வேற பேச்சு எப்ப வருதோ அப்ப ஆள் அனுப்புங்க, அதுவரைக்கும் நான் வரலை’ன்னுட்டா.”

நாச்சாயி அம்மா ஒரு கடலையை உரித்தார்.

“அவ இல்லாத வீடு, தண்ணி நின்ன வீட்டைவிட மோசமா இருக்குதுங்க அம்மா.”

அம்மாவின் கை நின்றது.

“வேற பேச்சு வரலையா?”

“வாயைத் தொறந்தா அதுதான் வருது.”

“அப்ப வாயைத் தொறக்காதீங்க. எழுதுங்க.”

“நான் அஞ்சாவதுதாங்க படிச்சேன்.”

“போதும். வெள்ளம் அதுகூடப் படிக்கலை.”

மடத்தில் தேதிக் காலண்டரில் கிழித்த தாளை வீசுவதில்லை. திருநீறு மடித்துக் கொடுக்க வைத்திருப்பார்கள். அதில் ஒரு கட்டை எடுத்து நீட்டினார் அம்மா. பின்பக்கம் வெள்ளை. உள்ளங்கை அகலம்.

“இதுல எழுதினா அழுகறதுக்கு எடம் பத்தாதுங்களே?”

“பத்தாது. காத்தால வந்து படிங்க. நான் ம் கொட்டறேன்.”

அந்தப் பக்கத்து ஊர்களில் கதைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் சொன்னால் மற்றவர் ம் கொட்ட வேண்டும். ம் வந்தால்தான் அடுத்த வரி. ம் நின்றால் கதையும் அங்கேயே நின்றுவிட வேண்டும். எப்பேர்ப்பட்ட சண்டியரும் இந்தச் சட்டத்தை மீறியதில்லை.

மறுநாள் காலை சென்னியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“என் கொடிக்கால் போயிற்று.”

சத்தமில்லை.

ஒருவேளை காதில் விழவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் உரக்கப் படித்தார். புளியமரத்து அணில் எட்டிப் பார்த்தது. அம்மா கடலை உரித்தார்.

“தூங்கிட்டீங்களா?”

“இல்லை.”

“ம் வரலைங்களே.”

“வரலை.”

“ஏனுங்க?”

“எழுதுங்க.”

அடுத்த நாள் “என் வீடு போயிற்று” என்று படித்தார். ம் வரவில்லை. அதற்கடுத்த நாள் மாட்டைக் கொண்டுவந்தார். அதன் நிறம், நெற்றிச் சுழி, கழுத்து மணி எல்லாம் எழுதி, கடைசி வரியில் அதுவும் போயிற்று என்றார். கேட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் மாரண்ணன் மூக்கைச் சிந்தினார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

ம் வராத தாள்களை மாரண்ணன் அடுப்பில் போட்டார். எரியவில்லை. அவ்வளவு ஈரம். பிழிந்து கொடியில் காயப்போட்டு அப்புறம்தான் எரித்தார். சந்தேகமாக இருந்தால் அவரையே கேளுங்கள், இன்னும் அங்கேதான் சமைக்கிறார்.

ஒருநாள் சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. என் துக்கம் இந்தம்மாவுக்குப் பத்தவில்லையா? மனசுக்குள் ஒளித்துவைத்திருந்த ஒரு வஞ்சத்தைத் தோண்டி எடுத்து எழுதினார்.

“தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது பக்கத்துக் காட்டுக் காளியண்ணன், என்னோடு வரப்புத் தகராறு உள்ளவன், என் தலைமயிரைப் பிடித்து ஓட்டுக் கூரை மேல் இழுத்துப் போட்டான். பிடித்த இடத்தில் இன்றுவரை முடி முளைக்கவில்லை.”

“ம்” என்றார் நாச்சாயி அம்மா.

சென்னியப்பன் திடுக்கிட்டுப் போனார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கா?”

“அப்புறம்?”

“அப்புறம் என்னங்க, ஓட்டு மேல உக்காந்திருந்தோம்.”

“யாரு?”

“நானும் அவனும்.”

“என்ன பேசினீங்க?”

சென்னியப்பன் யோசித்தார். வெள்ளத்துக்கு அப்புறம் இத்தனை காலம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஓட்டின் மேல் என்ன பேசினார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த இடம் வருவதற்குள் கேட்பவர் ஓடிவிடுவார்.

அன்று பகல் முழுக்கப் புளியமரத்தடியில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் படித்தார்.

“காளியண்ணன் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தான். என் கொடிக்கால் வெற்றிலை. எப்போது திருடினான் என்று கேட்டேன். முந்தாநாள் என்றான். நல்லவேளை என்றேன். ஆளுக்குப் பாதி போட்டுக்கொண்டோம்.”

“ம்.”

மாரண்ணன் சமையல்கட்டிலிருந்து இன்னொரு ம் கொட்டினார்.

அதன்பிறகு சென்னியப்பனுக்கு ஒரு ருசி பிடித்துவிட்டது. ம் வேண்டும். ஒரு ம் கிடைத்த நாளில் சோறு இரண்டு கரண்டி கூடுதலாக இறங்கிற்று. ம் எங்கெங்கே அகப்படும் என்று வெள்ளத்துக்குள் மறுபடி இறங்கித் துழாவ ஆரம்பித்தார். ஒருநாள் எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரைக்குப் போன இடம் வந்தது. அங்கே பேனா வழுக்கிவிட்டது.

“எருமை திரும்பிப் பார்த்து, ‘யோவ், கொஞ்சம் மெல்லப் பிடி, அது வால், உன் மாமனார் வீட்டுக் கயிறல்ல’ என்றது.”

படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ம்” என்றார் அம்மா.

“அம்மா! வீடு போச்சுங்கறது நெசம். அதுக்கு ம் இல்லை. எருமை பேசுச்சுங்கறது பொய். அதுக்கு ம்மா?”

“எருமை அப்புறம் என்ன சொல்லுச்சு?”

சென்னியப்பன் சிரித்தார். ரொம்ப நாளாகச் சிரிக்காத ஆள், அதனால் முதலில் கதவு கிறீச்சிடுகிற மாதிரித்தான் வந்தது. மாரண்ணன் விக்கல் என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

“மாரண்ணா, உனக்கு எந்த ஊரு?” என்றார் சென்னியப்பன், செம்பை வாங்கிக்கொண்டே.

மாரண்ணன் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளும் இவர் சோறு போட, அவர் சாப்பிட, வெள்ளத்தைத் தவிர அவர்கள் நடுவே ஒரு பேச்சு ஓடியதில்லை.

எருமை கரையேறியது. ஏறின பிறகும் தாள் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பூட்டைக் கல்லால் உடைத்து ஊரையே உள்ளே விட்ட டீச்சர் வந்தார். தன் ஒரே மாற்று வேட்டியைக் கிழித்து ஆளுக்குப் பாதியாகக் கட்டிக்கொள்ளலாம் என்ற கிழவர் வந்தார். அந்தப் பாதி வேட்டியில் சென்னியப்பன் குனிய முடியாமல் பட்ட பாட்டுக்கு அம்மா சேர்ந்தாற்போல் இரண்டு ம் கொட்டினார். பேர் தெரியாத ஒருத்தி தன் குழந்தைக்கு ஆற்றி வைத்த பாலில் ஒரு வாய் கொடுத்தாள். சவரக்கடைக்காரர் கட்டாந்தரையில் உட்கார்த்திவைத்து முகம் மழித்துவிட்டார்.

“அப்பவாவது முழுசா மழிச்சாரா?” என்றார் மாரண்ணன்.

“ரெண்டு கன்னமும்” என்றார் சென்னியப்பன், பெருமையாக.

ம் வந்த தாள்களைத் தலையணைக்கடியில் சேர்த்தார். தலையணை உயர்ந்தது. உயர்ந்து உயர்ந்து, கடைசியில் உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை அத்தனையையும் கொண்டுவந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். மடத்துக்கு வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து ம் கொட்டினார்கள். புளியமரத்தடியே ஒரு பெரிய தேன்கூடு மாதிரி முரலிற்று. படித்து முடித்ததும் சென்னியப்பன் தாள்களை மடியில் போட்டு எண்ணிப் பார்த்தார்.

“வெள்ளத்துல எனக்கு இத்தனை பேரா வந்தாங்க?” என்றார் அப்புறம்.

யாரையும் கேட்கவில்லை. அவருக்கே அது சேதியாக இருந்தது.

அவருக்குக் குளிர்ந்தது. நல்ல குளிர். ஆற்றில் முங்கி எழுந்த மாதிரி.

“கதை நல்லாருக்குதுங்களா, அம்மா?”

“நல்லாருக்கு.”

“இதைக் கொண்டுபோய்ப் படிச்சா பாவாயி வந்துருவாளுங்களா?”

நாச்சாயி அம்மா மடியிலிருந்த கடலைத் தோலை உதறினார். எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார்.

“பாவாயி எங்க நின்னாங்க?”

“எப்பங்க?”

“தண்ணி வந்தப்ப.”

சென்னியப்பன் வாயைத் திறந்தார்.

தாள்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். டீச்சர் இருந்தார். எருமை இருந்தது. திருடின வெற்றிலைகூட இருந்தது. மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

“எனக்குத் தெரியலைங்க அம்மா” என்றார்.

அம்மா உள்ளே போய்விட்டார்.

தாள்களை அங்கேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் சென்னியப்பன் ரோட்டுக்கு ஓடினார். கண்டக்டர் விசிலைக் கையில் எடுத்தவர், ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார்.

மைத்துனன் வீட்டில் மாமா வருவது ஜன்னலில் தெரிந்ததும் மைத்துனன் சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனான். அவன் பெண்டாட்டி டிவியைச் சத்தமாக வைத்தாள். பாவாயி மட்டும் அசையவில்லை. நடையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“வெள்ளத்தைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தா அப்படியே திரும்பிப் போயிருங்க” என்றாள்.

“சொல்ல வரலை, அம்மிணி.”

“பின்னே?”

“கேக்க வந்தேன்.” மூச்சு வாங்கிற்று அவருக்கு. “அன்னைக்குத் தண்ணி வந்தப்ப நீ எங்க இருந்தே?”

பாவாயி கத்தியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒரு ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அப்புறம் முறத்தை நகர்த்தி, பக்கத்தில் இடம் விட்டாள். சென்னியப்பன் உட்கார்ந்தார்.

“கிணத்து மேட்டுல நின்னேன்” என்றாள். “கழுத்து மட்டும் தண்ணி. தலை மேல அரிசிப் பானை. அடுத்த வேளைக்கு நீங்க சோறு கேப்பீங்களே.”

டிவி சத்தம் குறைந்தது.

“நீங்க ஓட்டு மேல உக்காந்துக்கிட்டு எல்லாம் போச்சு, எல்லாம் போச்சுன்னு கத்தினது கேட்டுச்சு. நான் இருக்கறேன், நான் இருக்கறேன்னு நானும் கத்தினேன். உங்களுக்குத்தான் கேக்கலை.”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டார்.

மூடின வாய்க்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

“ம்.”

அவ்வளவுதான். நான் கொல்லைப்பக்கச் சுவரோரமாக நின்றதில் இவ்வளவுதான் காதில் விழுந்தது. யார் சொன்னது என்று பாவாயி வந்து கேட்டால், எங்கேயோ பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் வாயில் வரவே கூடாது. இன்னும் நான் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறேன்.