ஐந்தும் இருபத்தாறும்

"ஐயா, வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சபை ரெண்டாப் போகப் போகுது" என்றார் போதகர் தேவஇரக்கம்.

ஞானாபரணம் ஐயா புளி உடைத்துக்கொண்டிருந்தார்.

சிவகிரிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவ ஆசிரமம். அங்கேதான் தேவஇரக்கம் ஐயாவிடம் வேதம் படித்தார். அது ஆயிற்று முப்பது வருஷம். இப்போது அவருக்கே ஐம்பத்தாறு வயது. சொந்தமாக ஒரு சபையும் சர்க்கரை வியாதியும் இருக்கின்றன. ஆனாலும் ஐயா முன்னால் வந்தால் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரிதான் நிற்பார்.

"உக்காரும். யாரு போறா?"

"பொன்னுதுரை."

ஐயா கை நின்றது. பொன்னுதுரையை அவருக்குத் தெரியும். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தேவஇரக்கமும் பொன்னுதுரையும் சேர்ந்துதான் முதல் ஓலைக்கொட்டகையைப் போட்டார்கள். ஒருவர் பிரசங்கம் செய்தார், ஒருவர் பாய் விரித்தார்.

"எதுக்குப் போறான்?"

"கையெழுத்துப் போட மாட்டேங்கான்."

தேவஇரக்கம் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். சபையின் உபதேச அறிக்கை, சபையார் எதை நம்ப வேண்டும், எப்படி நடக்க வேண்டும் என்ற பட்டியல். மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியது. முப்பத்தோரு வரி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர்களுக்குத் திருவிருந்தில் அப்பம் கிடையாது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஆளுக்கொரு உபதேசம், நாளுக்கொரு சண்டை என்று சபை அவரைப் பிய்த்தெடுத்திருந்தது. எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினார். அதுதான் வேடிக்கை.

"கையெல்லாம் புளி. நீரே வாசியும்" என்றார் ஐயா.

வாசித்தார். வளர்ந்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் தண்ணீரில் முழுக்குத்தான். கம்மல், மூக்குத்தி கூடாது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் கட்டக் கூடாது. இப்படியே போனது. இயேசு உயிர்த்தெழுந்தது பத்தொன்பதாவது வரியில், முக்காட்டுக்கும் தசமபாகக் காணிக்கைக்கும் நடுவில் வந்தது.

"முப்பத்தொண்ணும் முக்கியமா?"

"எல்லாத்துக்கும் வேதத்துல வசனம் இருக்கே ஐயா. எதை விடச் சொல்லுதீங்க?"

"நான் எதையும் விடச் சொல்லலையே. பென்சில் இருக்கா?"

"இருக்கு."

"ஒருத்தன் உம்ம கழுத்துல அரிவாளை வைக்கான். 'இது பொய்னு சொல்லு, விட்டுருதேன்'ங்கான். எதுக்கெல்லாம் கழுத்தைக் குடுப்பீரு? அதுக்கு மட்டும் கோடு போட்டுட்டு வாரும்."

தேவஇரக்கம் வேப்பமரத்தடிக்குப் போனார்.

அவர் நேர்மையான மனுஷன். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. நட்சத்திரத்துக்காகச் சாவதா என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கம்மல் வரியில் சிரிப்பு வரவில்லை. அவர் சொல்லித்தான் அவர் மனைவி கம்மலைக் கழற்றினாள். அவள் காதுத் துளைகூடத் தூர்ந்துவிட்டது. அதற்காக அவர் உயிரையா கொடுப்பார்? ஒருவேளைச் சோற்றைக்கூட விடமாட்டார் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது.

முழுக்கு ஞானஸ்நானத்தில் மாட்டிக்கொண்டார். அதை எடுத்ததற்காகத்தான் அவருடைய அப்பா அவரை வீட்டை விட்டுத் துரத்தினார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அந்த ஒரு வரியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஐந்து கோடுகளோடு திரும்பி வந்தார்.

"சொல்லும்."

"பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, ஒரே தேவன். இயேசு தேவனாயிருந்தும் மனுஷனானார். நம்ம பாவத்துக்காக மரிச்சார். உயிர்த்தெழுந்தார். நம்ம இரட்சிப்பு அவர் கிருபை, நாம சம்பாதிச்சது இல்ல. இந்த அஞ்சுக்கும் கழுத்தைக் குடுப்பேன் ஐயா."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை சுருக்கமாக அதைச் சொல்லி எத்தனையோ வருஷமாகியிருந்தது.

"முழுக்கு?"

"அதுக்கு அடி வாங்குவேன். சாக மாட்டேன்னு நினைக்கேன்."

"அடி வாங்குறதும் நல்லதுதான். யாரு அடிப்பா?"

"பொன்னுதுரைதான் அதுக்கு எதிரா நிக்கான். பேரப்பிள்ளைக்கு இப்பவே ஞானஸ்நானம் குடுங்கான்." தேவஇரக்கம் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அவன் அடிக்க மாட்டான்."

ஐயா சிரித்தார்.

"முதல் கையெழுத்து யாரு போட்டா?"

"ஜெயகரன்னு ஒருத்தன். முப்பத்தொண்ணுக்கும் போட்டுட்டான். வாசிக்கக்கூட இல்ல."

"உயிர்த்தெழுதலை நம்புதானா?"

தேவஇரக்கம் தரையைப் பார்த்தார். "அதெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுன்னு சொல்லிட்டுத் திரிவான்."

"அவனுக்கு அப்பம் உண்டா?"

"கையெழுத்துப் போட்டிருக்கானே ஐயா."

ஐயா இரண்டு புளியம்பழத்தை உடைத்துக் கொட்டையை எடுத்துப் போட்டார்.

"பொன்னுதுரை? இந்த அஞ்சுல அவன் எப்படி?"

"ஒரு புள்ளி அசைய மாட்டான். கொட்டகை போட்ட வருஷம் கல்லெறிஞ்சாங்கல்லா, அப்ப நான் உள்ள முழங்கால்ல இருந்தேன். அவன் வாசல்ல நின்னான். 'இயேசு பொய்னு ஒரு வார்த்தை சொல்லு, போயிருதோம்'னாங்க. சொல்லல. விலா எலும்பு ரெண்டு போச்சு."

"ஞாயித்துக்கிழமை அவன் வருவானா?"

"வருவான். எப்பவும்போல முதல் ஆளா வந்து பாயை விரிப்பான்."

"அப்பம் இல்லன்னு சொன்னா?"

தேவஇரக்கம் பதில் சொன்னபோது அது போதகர் குரலாக இல்லை.

"அவனுக்குச் சபையை விட்டா வேற நாதி கிடையாது. அந்த மனுஷன் செத்தே போவான் ஐயா."

ஐயா கையை வேட்டியில் துடைத்துவிட்டு, முதல்முறையாகக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அப்போ, அஞ்சுக்கு நீரு சாவீரு. மிச்சம் இருபத்தாறுக்குப் பொன்னுதுரை சாகணும். அப்படித்தானே எழுதியிருக்கீரு?"